ஒரு தடவை அவர் பேசட்டும் என்று கேட்டேன்

கர்த்தருடைய பிள்ளைகளே, என் சாட்சியை அழாமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்து நிற்கிறேன். முடியுமா, தெரியவில்லை.

போன மார்கழியில் என் வீட்டுக்காரர் செல்வம் தான் வேலை பார்த்த ஓசூர் மருந்துக் கம்பெனியில் வெந்துபோனார். நான் அதே கம்பெனி லேபில் இருக்கிறேன். அங்கே ஆல்டிஹைடு, கீட்டோன் என்று இரண்டு ரசாயனங்களை ரியாக்டர் என்கிற ஒரே பெரிய கலனில் சேர்ப்பார்கள். முதல் வினை முடிய முடிய, அதிலிருந்தே அடுத்த வினை தானாகத் தொடங்கும். ஆல்டிஹைடைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். சூடு ஏறாவிட்டால் அது தீராமல் உள்ளே தேங்குகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டும். ஆபரேட்டர் நாகராஜ், சூடு ஏறாததை நல்லது என்று நினைத்துவிட்டார். பாழாய்ப்போன ஓசூர்க் குளிரில் வினை தொடங்கவே இல்லை! முழுவதையும் விட்டபிறகு இரண்டு வினையும் சேர்ந்து பொங்கின. என் வீட்டுக்காரர் நாகராஜை வெளியே தள்ளிவிட்டு, ஆவியை வெளியேற்றும் வால்வைத் திறக்கப் போனார்.

ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடந்தார். "இனிமே பேசறது கஷ்டம்மா" என்றார் டாக்டர். நான் தரையில் விழுந்து கதறினேன். ஆண்டவரே, உயிரைக்கூடக் கேட்கவில்லை, ஒரே ஒரு தடவை அவர் குரலைக் கேட்க வையும் என்றேன்.

ஆண்டவர் கேட்டார். குழாயை எடுத்ததும் செல்வம் கண் திறந்தார்.

"நாகராஜு பாவம்டி. குளிருல அவனுக்குத் தெரியல. வேலய விட்டு எடுத்துறப் போறாங்க, நீ சொல்லு."

"நம்ம பாப்பாவுக்கு ஒண்ணும் சொல்லலீங்களா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

இதற்கா நான் கதறினேன்? எனக்கென்று ஒரு வார்த்தை கிடையாதா?

விசாரணையில் மேனேஜர், "கடைசியா ஏதாச்சும் சொன்னாராம்மா?" என்றார். நாகராஜ் வாசலில் தலை குனிந்து நின்றிருந்தார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆண்டவரே, என்னால் ஆகாது, நீரே சொல்லும் என்று மனதுக்குள் அழுதேன். என் வாயிலிருந்து செல்வத்தின் வார்த்தைகள்தான் வந்தன, ஒன்று விடாமல். நாகராஜ் இன்றும் வேலையில் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க இன்னும் வலிக்கிறது. ஆனாலும் தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். நானா இது!

நீங்களும் கேளுங்கள். கோபத்தோடாவது கேளுங்கள், ஆண்டவர் தள்ளமாட்டார்.

பாப்பா கேட்கிறாள், "அப்பா என்னம்மா சொன்னாரு?"

"ஒருத்தரக் காப்பாத்தச் சொன்னாரு" என்கிறேன்.

"நீ காப்பாத்துனியா?"

அவளிடம் நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஸ்தோத்திரம்.