இடுப்பில் இருந்த இரும்பு

எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். அந்தப் பெண் பதில் சொல்லவே ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

அப்போது நான் ஜொகூர் பாருவில் ஆய்வு மாணவி. ஆயுதம் ஏந்திப் போரிட்ட பெண்கள் போர் முடிந்தபின் எப்படி வாழ்கிறார்கள் என்பது என் தலைப்பு. பெக்கோக்கில் இருக்கும் அம்மாவுக்கு அதைக் கேட்ட நாளிலிருந்து தூக்கமில்லை.

"வேற தலைப்பே கெடைக்கலையா உனக்கு? போலீஸ் வீட்டுக்கு வந்து நின்னா அப்பா தாங்குவாரா?"

நான் சிரித்து மழுப்புவேன். ஆனாலும் பேட்டிக்குப் போகும்போதெல்லாம் காரை வேறு தெருவில் நிறுத்திவிட்டுத்தான் நடப்பேன்.

அந்தப் பெண் இலங்கையில் பள்ளிக்கூட வயதிலேயே இயக்கத்தில் சேர்ந்தவள். இங்கே அகதி அட்டையோடு தெப்ராவில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவினாள். "ஆமா லா, போலாம் லா" என்று வெளியில் எங்களைப் போலவே பேசுவாள். யாரும் அவளை இங்கே கூலாய் ஊரில் பிறந்த பெண் என்றுதான் நினைப்பார்கள். அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் சொந்தப் பேச்சு வரும்.

துப்பாக்கி கைக்கு வந்ததும் ஆண்கள் உங்களைப் பார்த்த விதம் மாறியதா, திரும்பிப் போனபோது ஊர் எப்படி நடத்தியது என்றெல்லாம் நான் கேட்பேன். பொறுமையாகச் சொல்வாள். நடுவில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இடுப்பில் ஷெல் துண்டுகள். மலேசியா வந்த பிறகு ஒரு டாக்டரிடமும் காட்டியதில்லை.

"படம் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும் அக்கா. நான் ஆரெண்டு கேட்பினம்."

வலி பொறுக்க முடியாமல்தான் கடைசியில் சம்மதித்தாள். எக்ஸ்ரே வசதியுள்ள ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் தமிழர். திரையில் அவளுடைய இடுப்பெலும்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் தெரிந்தன.

"இதெல்லாம் எப்படிம்மா உள்ள போச்சு?"

"ஃபேக்டரில ஆக்சிடென்ட் ஆச்சு, டாக்டர்."

உச்சரிப்பில் ஒரு பிசிறில்லை. டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னை.

"நீங்க யாரு?"

"கூட்டாளி."

"கொஞ்சம் இருங்க" என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவுக்கு அப்பால் மலாயில் பேசினார். எனக்குக் கேட்டது ஒரே சொல்தான்: பெசி. இரும்பு. மறுபடியும் பெசி.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆரோட கதைக்கிறார்? எழும்புங்கோ அக்கா. போவம்."

என் பையில் அவள் குரல் பதிந்த ரெக்கார்டர் கிடந்தது. கவுண்டரில் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தேன். இயக்கத்தோடு தொடர்பு என்று ஒரு சந்தேகம் வந்தாலே பிடித்துப் போவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பிய காலம் அது. எழுந்தேன். கவுண்டர் பெண் பின்னால் கூப்பிட்டாள். திரும்பாமல் நடந்தோம். காரில் அவள் ஜன்னலுக்குக் கீழே குனிந்தே வந்தாள். சந்தை அருகே இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மறுநாள் அவளுடைய போன் அணைந்திருந்தது. கிளினிக்கிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் வந்தது. வீட்டுக்கு வெளியே ஒரு கார் நின்றால்கூடத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். ரெக்கார்டரை அரிசி டின்னுக்குள் புதைத்தேன், பிறகு அங்கிருந்தும் எடுத்தேன். பிடிப்பதாக இருந்தால் இத்தனை முறையா கூப்பிடுவார்கள் என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. கிளினிக்குக்குத் தனியாகப் போனேன்.

"ஏன் ஓடிட்டீங்க?" என்றார் டாக்டர். "எலும்பு டாக்டர் ஒருத்தர், கூடப் படிச்சவரு. அன்னைக்கு போன்ல அவர்கிட்டதான் கேட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"துண்டுங்கள இப்ப எடுக்க வேணாம். வலிக்கு மருந்து தரேன். ஆனா எம்.ஆர்.ஐ ஸ்கேன் மட்டும் எடுக்கவே கூடாது. அது பெரிய காந்தம், உள்ள இருக்கற இரும்ப அசைச்சுடும். அவங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கல."

மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது வேறொரு பயம். அவளிடம் இதை எப்படிச் சொல்வது? அறையைக் காலி செய்துவிட்டாள் என்றார் வீட்டுக்காரம்மா. கேண்டீனுக்கும் வரவில்லையாம். பிடித்துவிட்டார்களோ? யாரிடம் கேட்பது? அதிகம் விசாரித்தால் நானே அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். மருந்துப் பொட்டலம் காரிலேயே கிடந்தது.

பல வாரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அக்கா, நான்தான்."

டாக்டர் சொன்னதை மூச்சுவிடாமல் சொன்னேன். எம்.ஆர்.ஐ என்பதை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

"எங்க இருக்க தங்கச்சி?"

"கேட்காதேங்கோ அக்கா. ஒண்டு மட்டும் செய்வீங்களே? என்ர குரலை அழிச்சுப்போடுங்கோ. நான் சொன்னது ஒண்டும் புத்தகத்தில வரக்கூடாது."

"இப்பவே அழிக்கிறேன். லைன்ல இரு."

என் ஆய்வின் பலமே அவளுடைய பேட்டிதான். ஒவ்வொரு பதிவாக அழித்து, "போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் பெருமூச்சு கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. திருப்பி அழைத்தேன். அந்த எண்ணும் அணைந்திருந்தது.

அவள் பேட்டி வரவேண்டிய அத்தியாயம் எங்கே என்று மேற்பார்வையாளர் கேட்டார். பங்கேற்றவர் விலகிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். மெலிந்த ஆய்வேடுதான், தேறிவிட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.