மூன்றாம் பேஸ் பக்கத்துக் கைத்தட்டல்

முழங்கால் இரண்டும் தேயும்வரை ஹார்லன் விட்மர், பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராகக் குந்தியிருந்தார். அயோவாவிலும் கேன்சஸிலும் சோளக்காட்டுக்கு நடுவே பேஸ்பால் மைதானங்கள் எத்தனை உண்டோ, அத்தனையிலும் குந்தியாயிற்று. மேலே மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மேலே என்றால் பெரிய லீக். ஆனால் கீழ் லீக்கில் கிடப்பவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும் தொனியைக் கேட்டால், சொர்க்கத்தைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

கால் போனதும் கோச் ஆனார். மில்பர்ன் ஊர் அணி. அணிக்குப் பெயர் கெளுத்திகள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மகள் கல்யாணத்துக்கே கெளுத்தி மீன் போட்ட தொப்பியோடு போய், மனைவி மார்லீனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டவன் டோபி ரென்ஃப்ரோ. ஓக்லஹோமாக்காரன், பிட்சர், முப்பதை நெருங்கியவன். அந்த வயதில் கீழ் லீக்கில் பந்து வீசுகிறவனை மற்றவர்கள் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். டோபி சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொள்வான். ஆட்டத்தில் தடுமாறும்போது மட்டும் முகம் வெளுத்துவிடும். அப்போது ஹார்லன் பெஞ்சிலிருந்து நிதானமாக இரண்டு தட்டு தட்டுவார். டோபி திரும்பிப் பார்த்து, மூச்சை இழுத்துவிட்டு, அடுத்த பந்தை ஒழுங்காக வீசுவான்.

ஒரு ஆகஸ்டில் டோபி தொடர்ந்து ஜெயித்தான். அந்த மாதம்தான் ஹார்லன் அதைக் கவனித்தார். டோபி ஆள்காட்டி விரலைக் கையுறைக்கு வெளியே நீட்டி வைத்திருப்பவன். வளைபந்துக்குப் பிடி மாற்றும்போது அந்த விரல் லேசாக எழும்பும். நேர்ப்பந்துக்கு எழும்பாது. கண்ணுள்ள எவனும் வரப்போகும் பந்து எதுவென்று முன்கூட்டியே படித்துவிடலாம்.

மறுநாளே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கும் பிட்சரிடம் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. ராசி போய்விடும் என்று அவன் சாக்ஸைத் துவைக்க மாட்டான், ஒரே கடையில் ஒரே பர்கரைத் தின்பான், அவன் பக்கத்தில் உட்காரவே ஆட்கள் யோசிப்பார்கள். அந்த நேரத்தில் போய் உன் விரல் சரியில்லை என்று சொல்லி, அவன் தோற்றுவிட்டால் ஊரே கோச்சைத்தான் காறித் துப்பும். ஒரு தோல்வி வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று ஹார்லன் காத்திருந்தார்.

தோல்வி வருவதற்குள் டோபியை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் சொன்னால் சொந்த அணிக்குத் துரோகம். ஹார்லன் ஓரிரு முறை போனை எடுத்தார், வைத்துவிட்டார்.

அடுத்த ஜூலையில் டோபி எதிரணிச் சட்டையோடு மில்பர்னுக்கு வந்தான். பையைக்கூட இறக்காமல் ஹார்லனைத் தேடிக்கொண்டு வந்தான்.

"கோச்! இன்னைக்கு என்னைப் பார்க்க மேலேருந்து ஆளுங்க வர்றாங்க. நல்லா வீசினா கூட்டிட்டுப் போறாங்களாம். சொதப்பினா சீட்டைக் கிழிச்சிருவாங்க. வீட்டுல பொண்டாட்டி டெல்லாகிட்டகூட இன்னும் சொல்லல."

"நல்லா வீசுடா" என்றார் ஹார்லன். மனதாரத்தான் சொன்னார்.

அவன் போனதும் மேனேஜர் பர்ட் வந்து நின்றார். "யோவ், இவன் உன் ஆளுதானே? இவன்கிட்ட ஏதாச்சும் ஓட்டை இருக்கா? இந்த வருஷமும் தோத்தோம்னா நீயும் நானும் வீட்டுக்குப் போய்ப் புல்லு வெட்ட வேண்டியதுதான்."

ஹார்லன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு விரலைப் பற்றிச் சொன்னார்.

பேட் பிடிப்பவன் விரலையும் பார்த்துப் பந்தையும் பார்க்க முடியாது. அதனால், தன் அணி பேட் பிடிக்கும்போது கோச்சாக மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் ஹார்லன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். "விரல் எழும்பினா நான் கை தட்டறேன்" என்றார். யாருக்கும் சந்தேகம் வராத, சாதாரணச் சைகையாக இருக்க வேண்டும் அல்லவா? அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கெளுத்திகளில் முதலில் பேட் பிடிக்க வந்தவன் கீனன். விரல் எழும்பியது. ஹார்லன் இரண்டு தட்டு தட்டினார். கீனன் காத்திருந்து அடித்த பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

அடுத்த முறை விரல் எழும்பி அவர் தட்டியபோது டோபி திரும்பிப் பார்த்தான். பார்த்து லேசாகச் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்பது ஹார்லனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டபோது தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பின்னால் பர்ட், "அப்படித்தான்யா, அப்படித்தான்!" என்று கத்திக்கொண்டிருந்தார். டோபி தடுமாறத் தடுமாற இந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஹார்லன் தட்டிக்கொண்டே இருந்தார். பாதி ஆட்டத்திலேயே டோபியை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஹார்லன் வண்டியை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தார். வண்டிமேல் சாய்ந்துகொண்டு டோபி நின்றிருந்தான்.

"வெட்கமா இருக்கு, கோச்" என்றான். "உங்க முன்னாடி இப்படி அடி வாங்கிட்டேனே. ஆனா நீங்க தட்டினது கேட்டுச்சு. எதிர்ப்பக்கம் நின்னுக்கிட்டு எனக்காகத் தட்டினீங்களே! பர்ட்டுக்குத் தெரிஞ்சா உங்க தோலை உரிச்சிருப்பாரு."

ஹார்லனுக்குக் காது மடல்வரை எரிந்தது. எதையாவது கொடுத்துவிட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

"விரல்டா" என்றார். "வளைபந்து போடறப்போ உன் விரல் தூக்குது. உள்ள வச்சுக்கோ."

டோபி தன் விரலையே உற்றுப் பார்த்தான். "ஒரே ஆட்டத்துல கண்டுபிடிச்சிட்டீங்களா? எங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் தெரியலயே! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, கோச்."

இன்று கண்டுபிடித்ததல்ல என்று சொல்ல ஹார்லன் வாயைத் திறந்தார். டோபி கட்டிப்பிடித்துக்கொண்டான். திறந்த வாய் மூடிக்கொண்டது.

மேலேயிருந்து வந்தவர்கள் பாதியிலேயே எழுந்து போயிருந்தார்கள். அந்த வாரமே டோபியின் சீட்டைக் கிழித்தார்கள். கெளுத்திகள் அந்த வருடம் கோப்பை வாங்கினார்கள். ஹார்லன் வேலையில் நீடித்தார். கோப்பையோடு எடுத்த படத்தை மார்லீன் கூடத்தில் மாட்டினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

சில வருடம் கழித்து, ஆட்டத்தை விட்டுவிட்ட கீனன் ஒருநாள் மைதானத்துக்கு வந்தான். பெஞ்சில் ஹார்லன் பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவன், சட்டென்று சொன்னான்:

"மச்சினன் வீட்டுக்கு ஓக்லஹோமா போயிருந்தேன். டோபியைப் பார்த்தேன், கோச். பள்ளிக்கூட டீமுக்குக் கோச்சா இருக்கான். அவன் பிட்சர் யாராச்சும் தடுமாறினா உங்களை மாதிரியே ரெண்டு தட்டு தட்றான். 'எங்க கோச் எதிரி டீம்ல இருந்துகூட எனக்குத் தட்டினாரு'ன்னு பசங்ககிட்ட சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போறான்."

ஹார்லன் அவன் பக்கம் திரும்பினார்.

கீனன் விதைத் தோலைத் துப்பினான். "நான் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லல, கோச்."

மைதானத்தில் கெளுத்திகளின் புதுப் பிட்சர் ரொம்பத் தடுமாறிக்கொண்டிருந்தான். பந்தைக் கையில் உருட்டியபடி பெஞ்சுப் பக்கம் திரும்பி, ஹார்லனைப் பார்த்தான். ஹார்லன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தார்.