பெட்டியின் மேல் உட்கார்ந்தவர்

பெரிய சண்டை முடிந்து சில ஆண்டுகள் ஆன சமயம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். எங்கள் மூத்த மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். அவள் பிறந்த அந்தப் பகல்பொழுதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மூத்த மகள் என்று எழுதிவிட்டேன். அதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். மூத்த மகள் அவள்தான். மூத்த பிள்ளை அவள் இல்லை.

அவளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. என் தாய்வீடு நாகப்பட்டினத்தில் இருந்ததால், கிள்ளானில் என் கணவரின் அக்கா வீட்டில் பிரசவம் வைத்தார்கள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பார்த்தால் நான் தாங்கமாட்டேன் என்று, துணியில் சுற்றி உடனே எடுத்துப் போய்விட்டார்கள். அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அதன் பிறகு அந்த வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. பெயர் வைக்காத பிள்ளையை நினைவுபடுத்தக் கூடாது என்பார்கள்.

எனக்கு எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். இன்றும் அப்படித்தான், நாளைக்கு உடுத்த வேண்டியதை இன்றே மடித்து வைத்த பிறகே படுப்பேன். அந்தக் குழந்தைக்காக, அது பிறக்கும் முன்பே, மல் துணியில் நாடா வைத்துக் கட்டும் சின்னச் சட்டைகளைக் கையால் தைத்து வைத்திருந்தேன். எங்கள் வழக்கத்தில் அது பெரிய தப்பு. பிறக்கும் முன் புதுத்துணி சேர்க்கக் கூடாது. பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணிதான் போட வேண்டும். அதுவும் வேறொரு பிள்ளை போட்டு வளர்ந்த துணியாக இருந்தால் ரொம்ப நல்லது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் தைத்தேன்.

குழந்தை போன பிறகு நாத்தனார் அந்தச் சட்டைகளைப் பார்த்துவிட்டார். “இதத் தச்சப்பவே எமனுக்கு ஆள் அனுப்பிட்டியேம்மா” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். துக்கத்தில் வந்த வார்த்தை. ஆனாலும் அது என்னுள்ளே தங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஆற்றில் போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டேன் என்று சொன்னேன். போடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் திரும்பியதும் என் தகரப் பெட்டியின் அடியில் அந்துருண்டை போட்டு வைத்துப் பூட்டினேன். சாவி எப்போதும் என் முந்தானை முடிச்சில் இருக்கும்.

மறுபடி கர்ப்பமான போதுதான் பால்கார அக்கா எனக்குப் பழக்கமானார். குவாட்டர்ஸுக்குப் பின்னால் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் தாய்வீட்டைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டு வந்தவர்கள். அதனால் யாருக்காவது வலி கண்டால், மலாய் மருத்துவச்சியைக் கூப்பிட ஓர் ஆளும், இந்த அக்காவைக் கூப்பிட ஓர் ஆளும் போவார்கள். பிள்ளையை எடுப்பது மருத்துவச்சி. அக்காவின் வேலை கூட இருப்பது, அவ்வளவுதான். முதுகைத் தேய்ப்பார், நடக்க வைப்பார், கஞ்சி கொடுப்பார், திட்டினால் திட்டு வாங்கிக்கொள்வார். பிறந்த பிறகு தாய்க்குப் பால் கட்டினாலும், பிள்ளை குடிக்க மறுத்தாலும் அவர்தான் வருவார்.

பால் ஊற்றிவிட்டு தினமும் எங்கள் அடுக்களை வாசற்படியில் சற்று நேரம் குந்துவார். காலில் வீக்கம் இருக்கிறதா, ராத்திரி தூங்கினாயா என்று கேட்பார். ஒருநாள் நானாகவே, “மொதல்ல ஒண்ணு தங்கலக்கா” என்றேன். அவர் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. “சரி தங்கச்சி. வலி வந்தா சொல்லி அனுப்பு. நா வந்து உக்காந்தா, பிள்ள வர்ற வரைக்கும் நகரமாட்டேன்” என்றார்.

மாதம் நெருங்கியதும் கிள்ளானிலிருந்து நாத்தனார் உதவிக்கு வந்து சேர்ந்தார். விடியற்காலையில் வலி தொடங்கியது. அக்கா பால் செம்பை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு நேராக வந்துவிட்டார். மாக் பீடான் என்று நாங்கள் அழைக்கும் மலாய் மருத்துவச்சியும் வந்தார். வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். அக்கா என்னை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார். “ஒவ்வொரு வலியும் ஒரு வண்டின்னு வச்சுக்க. வரும்போது சத்தம் பெருசாத்தான் இருக்கும். ஆனா நம்ம வீட்டு வாசல்ல எந்த வண்டியாவது நின்னு பாத்திருக்கியா? போயிடும்.” எனக்கு அது பிடித்துப் போயிற்று. வண்டி வரும், போகும் என்று காலை முழுவதும் சமாளித்தேன்.

உச்சிப்பொழுதில் வலி அப்படியே நின்றுவிட்டது. களைப்பு ஒருபுறம். கிள்ளான் வீட்டின் நினைவு ஒருபுறம். பிள்ளை வெளியே வராமல் உள்ளேயே இருந்தால் உயிரோடு இருக்கும் என்று ஏதோ ஓர் எண்ணம் எனக்குள் வந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மாக் பீடான் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “புக்கா. சமுவா புக்கா” என்றார். எல்லாவற்றையும் திற என்று அர்த்தம். பிரசவம் தடைப்பட்டால் வீட்டில் மூடியது எதுவும் மூடியிருக்கக் கூடாது, கட்டியது எதுவும் கட்டியிருக்கக் கூடாது என்பது மலாய்க்காரர்களிடமும் உண்டு, நம்மவரிடமும் உண்டு. அதனால் நாத்தனாருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதவு, ஜன்னல், அரிசி டின், அஞ்சறைப்பெட்டி எல்லாம் திறந்தன. என் கூந்தலை அவிழ்த்தார்கள். என் கணவர் தம் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, செருப்பு வாரை அவிழ்த்து, சட்டைப்பைக் கடிகாரத்தின் மூடியையும் திறந்து கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “ஒன் மாட்டையும் அவுத்துவிடு” என்று நாத்தனார் சொல்ல, அக்கா போய் அவிழ்த்துவிட்டு வந்தார். அது நேராகப் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்திக்குள் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

கடைசியில் நாத்தனாரின் கண் தகரப் பெட்டியில் விழுந்தது.

“சாவி எங்கேம்மா?”

முந்தானையிலிருந்த சாவியை நான் ஏற்கெனவே கைக்குள் எடுத்து மூடிக்கொண்டிருந்தேன். “அது வேண்டாம்” என்றேன்.

“வேண்டாமா? பிள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்கு, பெட்டி ஒனக்குப் பெருசா? அப்படி என்ன வச்சிருக்க?”

சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். திறந்தால் அந்தச் சட்டைகள் வெளியே வரும். ஆற்றில் போடவில்லை என்பது தெரிந்துவிடும். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், அதை வைத்திருந்தாளே, அதனால்தான் என்பார்கள். அதைவிட மோசம், நானே அப்படி நம்பிவிடுவேன். அவன் பேரால் என்னிடம் இருந்தது அந்தச் சட்டைகள் மட்டும்தான். நாத்தனார் வாசலைப் பார்த்து, “தம்பி, சுத்தியல எடுத்துட்டு வா” என்று குரல் கொடுத்தார். என் கணவரும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, பயந்து போயிருந்தார்.

அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு போய் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“எழுந்திரு” என்றார் நாத்தனார்.

“முடியாதும்மா. காலைலேர்ந்து நின்னு காலு கடுக்குது.”

“வெளையாடாத. ஒரு பூட்டு பாக்கி இருந்தாலும் பிரசவம் ஆவாது.”

“ஆகும். இத்தனையத் தொறந்தாச்சு, என் மாடுகூட ஊர் சுத்தப் போயிருச்சு. இந்த ஒண்ணு அவளுக்கு இருக்கட்டும்.”

“பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?”

“சொல்றேன். என் தலையிலேயே போடுங்க. பால்காரி பெட்டி மேல ஏறி உக்காந்தா, அதனாலதான்னு வரிசை முழுக்கச் சொல்லுங்க. தம்பி, ஒடைக்கிறதா இருந்தா என்னையும் சேத்து ஒடைச்சுக்கங்க.”

என் கணவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

அக்கா சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வீடு வீடாகப் போய்ப் பால் ஊற்றிப் பிழைப்பவர் அவர். இன்னாரால் ஒரு பிள்ளை போயிற்று என்று பேச்சு வந்தால் அந்த வரிசையில் ஒரு வீடும் அவரை வாசற்படி ஏற்றாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது.

என்னைப் பார்த்து, “உள்ள பூச்சி பொட்டு எதுவும் இல்லியே? இருந்தா இப்பவே சொல்லிடு” என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன எனக்கு. கிள்ளானில் அழாத அழுகை எல்லாம் அப்போது அழுதேன். அக்கா தடுக்கவில்லை. பெட்டியை விட்டு இறங்க முடியாததால், என் பாயைத் தம் காலடிக்கு இழுத்துக்கொண்டார். நான் அவர் முழங்கால்களுக்கு நடுவே முதுகைச் சாய்த்து, இரண்டு தொடைகளிலும் கையைப் போட்டுக்கொண்டு குந்தினேன். மாக் பீடான் முன்னால் வந்து அமர்ந்து தலையசைத்தார். அப்படி உட்கார்ந்தது நல்லது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் வண்டிகள் மறுபடி வரத் தொடங்கின.

“வருது, வருது. விடு, போகட்டும்” என்று அக்கா என் காதுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே இருந்தார். “என் செவலப் பசு கன்னு போடறப்ப இதவிட முரண்டு புடிச்சா. நீ எவ்வளவோ தேவல.”

ரயில்வே பட்டறையில் வேலை முடியும் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் குழந்தை வெளியே வந்தது. சத்தமில்லை. “மொகம்” என்று நான் கத்தினேன். “மொகத்தக் காட்டுங்க.” அக்கா மருத்துவச்சியிடம் மலாயில் ஏதோ சொன்னார். கொடியை அறுக்கும் முன்பே, ஈரத்தோடு, குழந்தையை என் மார்பில் போட்டார்கள். சுருங்கிய முகம், மூடிய கண். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயைக் கோணி அழ ஆரம்பித்தாள்.

பெட்டி அதுவரை திறக்கவில்லை. என் கை மட்டும்தான் திறந்திருந்தது. உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து சிவந்திருந்தது.

நாத்தனார் என் கணவரின் பழைய வேட்டித் துண்டில் குழந்தையைச் சுற்றினார். அன்று அவர் அக்காவோடு பேசவில்லை. ஆனால் சாயங்காலம், மாட்டைத் தேடிப் பிடித்துக் கட்டச் சொல்லி என் கணவரைத்தான் அனுப்பினார்.

பத்திய நாட்களில் அக்கா தினமும் வந்தார். பால் கட்டிக்கொண்டு எனக்குக் காய்ச்சல் வந்தபோது வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, குழந்தையின் வாயைத் திருப்பி வைத்து, குடிக்கப் பழக்கினார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாத்தனார் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த ஒரு காலையில், நானே சாவியை எடுத்துத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா ஒரு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். நாடாவை இழுத்துப் பார்த்தார்.

“இது எப்போ தச்சது?”

“ரெண்டு வருசம் ஆச்சுக்கா.”

“அப்ப இது பழந்துணிதானே. அண்ணன் சட்டைய தங்கச்சி போட்டுக்கிட்டா யாரு என்ன சொல்லப் போறா?”

அண்ணன். அதுவரை அவனை யாரும் எந்த உறவு சொல்லியும் அழைத்ததில்லை.

சட்டையை வெயிலில் உதறி மகளுக்குப் போட்டோம். கொஞ்சம் பெரிதாக இருந்தது. நாத்தனார் கூடையோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சட்டை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவர் கூடையைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவிழ்ந்து கிடந்த ஒரு நாடாவை மெதுவாக முடிச்சுப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அவனுக்கும் காது இப்படித்தான் மடிஞ்சு இருந்தது.”

அதற்கு முன் எனக்கு என் மகனைப் பற்றி எதுவும் தெரியாது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரு காது இருக்கிறது. நாத்தனார் அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதையும் சொன்னார். அவரும் அதை இரண்டு ஆண்டுகளாகத் தனியாகவே சுமந்திருக்கிறார்.

அக்கா சில ஆண்டுகளில் மாடுகளோடு பூச்சோங் பக்கம் குடிபோய்விட்டார். இப்போது எங்கள் வரிசையில் யாருக்காவது வலி கண்டால் என்னையும் கூட இருக்கக் கூப்பிடுகிறார்கள். பிரசவம் தாமதமானால் வீட்டார் இன்றும் கதவு, ஜன்னல், டின் எல்லாம் திறக்கிறார்கள். நானும் சேர்ந்து திறக்கிறேன். ஆனால் அதற்கு முன் அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து எதையாவது திறக்காமல் விட வேண்டுமா என்று கேட்டுக்கொள்கிறேன். ஆமாம் என்று அவள் தலையசைத்தால், அது எதுவாக இருந்தாலும் போய் அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.