கம்பவுண்டர் பார்த்த கார்

ஒரு சனிக்கிழமை, காருக்கு வைத்தியம் பார்க்கக் கம்பவுண்டரை அழைத்துப் போனேன். சிரிக்காதீர்கள். முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கார் என்னுடையதல்ல, கிள்ளானில் கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் நடேசனுடையது. ஈப்போவுக்கு ரயிலேறுமுன், பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் அதை நிறுத்தினார். “மாப்பிள்ளை, பத்திரம். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை எம் பொண்ணைப் பார்க்க வர்றவங்களை இதிலதான் அழைச்சிக்கிட்டு வரணும்” என்று சொல்லிச் சாவியையும் கொடுத்தார்.

சாவியைக் கொடுத்தது யார் குற்றம்?

சனிக்கிழமை காலை பாசாருக்கு ஓட்டிப் போனேன். பலாவைப் போல முள் நிறைந்த துரியான் பழம் நாலு வாங்கினேன். உள்ளே வைத்தால் வாடை பிடித்துக்கொள்ளுமே... மச்சான் கார் அல்லவா? ஆகவே, மிகுந்த பொறுப்போடு, சாக்கில் கட்டி பானட்டின் மேல் வைத்து, மெல்ல ஓட்டி வந்தேன்.

இறக்கிப் பார்த்தால் – பானட் முழுக்கக் கீறல்!

நேரே பெயின்டர் மாணிக்கத்தின் பட்டறைக்கு ஓடினேன். வாய் நிறைய வெற்றிலை அவருக்கு. குனிந்து பார்த்தார்.

“என்னண்ணே பிறாண்டிச்சு? புலியா?”

“துரியான்.”

“அதுக்குப் புலியே தேவலாம்!”

நகத்தால் கீறல்மேல் இழுத்துப் பார்த்தார். “நகம் மாட்டல. மேல் பூச்சோட நின்னிருச்சு. பொழச்சீங்க.”

வாளித் தண்ணீரில் ஊறிய உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டு விட்டு, நேர்கோடாய்த் தேய்த்தார். மேல் பூச்சு பால் போல வெள்ளையாய் வழிந்தது. துணியால் துடைத்தார். கீறல் போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய்விட்டது! கன்னங்கரேலென்று மின்னிய பானட், சாம்பல் பூசிய சாமியார் மாதிரி நின்றது.

மணி இரண்டு. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சு படபடத்தது.

மாணிக்கம் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஒரு டப்பாவைத் தட்டிப் பார்த்தார். வெற்றிலையோடு ஏதோ சொன்னார். என் காதில் விழுந்தது இதுதான்: “கம்பவுண்டர் வரணும்ணே. இல்லேன்னா தேறாது. ஓடுங்க!”

என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பயந்தவன் காதால் கேட்பதில்லை, பயத்தால் கேட்கிறான். ஓடினேன்.

கம்பவுண்டர் சின்னப்பாவின் மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளி. மூச்சு வாங்க, “மாணிக்கம் உடனே வரச் சொன்னாரு!” என்றேன். மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு என்னை முந்திக்கொண்டு வந்தார்.

“நோயாளி எங்க?”

மாணிக்கம் வெற்றிலையைத் துப்பினார். “யோவ்! நான் கேட்டது கம்பவுண்டு! தேய்ச்ச இடத்தை மினுக்குற பசை! டப்பா காலி. கம்பவுண்டரை யார் கேட்டா?”

எனக்கு நெஞ்சுப் படபடப்பு உடனே நின்றது. வெட்கம் வந்தால் வேறு நோய் தங்குமா?

சின்னப்பா கோபித்துக்கொள்ளவில்லை. வந்த வேலையைப் பார்க்காமல் போகிற ஆளில்லை அவர். பானட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“எவ்வளவு நேரமா இப்படி வெளுத்திருக்கு?”

“அரை மணி நேரமா” என்றேன்.

“பசையில அப்படி என்ன இருக்கும்?”

“நைசான பொடி. எண்ணெயில குழைச்சிருப்பான்” என்றார் மாணிக்கம்.

சின்னப்பா பையைத் திறந்தார். அவரே தயாரிக்கும் பல்பொடி – சுண்ணாம்புக்கட்டித் தூளும் கிராம்பும். “பல்லை வெளுக்கிறது இதைக் கறுப்பாக்காதா?”

மாணிக்கம் ஒரு சிட்டிகையை விரலில் நசுக்கிப் பார்த்தார். “மணல் இல்ல. மூலையில வச்சுப் பார்ப்போம்.” விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, மெல்லிய துணியில் தொட்டு, வட்டமாய்த் தேய்த்தார். கருப்பு எட்டிப் பார்த்தது! அப்புறமென்ன... மூவரும் சட்டையைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு பக்கம் தேய்த்தோம். காருக்குப் பல் விளக்கினோம் என்று சொன்னால் பொருந்தும்.

ஐந்து மணிக்கு என் வீட்டில் காரைக் காணாமல், மச்சான் விசாரித்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். துரியான் சங்கதியைச் சொன்னேன். முறைத்தார். பிறகு பானட்டைப் பார்த்தார், அதில் தெரிந்த தன் மீசையைப் பார்த்தார், முறுக்கிவிட்டுக்கொண்டார்.

“முன்னே இப்படி இருந்ததில்லையே மாப்பிள்ளை! இது நிக்க என்ன செய்யணும்?”

மாணிக்கம் வாயைத் திறப்பதற்குள், தொழில் பழக்கத்தில் சின்னப்பா சொல்லிவிட்டார்:

“காலை, மாலை ரெண்டு வேளை. ஒரு வாரத்துக்குப் புளி ஆகாது.”

ஞாயிற்றுக்கிழமை கார் போயிற்று, மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது. மச்சான் மட்டும் இன்றுவரை காரைப் புளியமரத்தடியில் நிறுத்துவதில்லையாம்!