அலைக்காக ஒரு கப்பல்

செங்கம் ரோட்டில் இருக்கும் என் டிராவல்ஸுக்கு இன்று காலை ஓர் அம்மா வந்தார். வேங்கிக்காலில் அரசு வேலை பார்த்து, போன மாதம் ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு கப்பல் பயணம் போக வேண்டுமாம்.

மூன்று கப்பல்களின் படங்களைக் காட்டினேன். சாப்பாடு, அறை எதையும் அவர் விசாரிக்கவில்லை.

"பலகை மேல நின்னு சறுக்குறதுக்கு மெஷின்ல அலை விடுவாங்களாமே, அது எந்தக் கப்பல்ல இருக்குது தம்பி?"

"ஒண்ணுலதாம்மா இருக்குது. ஆனா அதுல ரூம் சின்னது, ஜன்னலும் கெடையாது."

"பரவால்ல, அதையே போடுங்க."

"பேரப் பசங்களுக்காம்மா?"

"எனக்குத்தான்." அந்தக் கப்பலின் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "காலேஜ் டூர்ல மகாபலிபுரம் போனோம். பசங்க எல்லாம் கடல்ல எறங்கிட்டாங்க. பொண்ணுங்கள மட்டும் கரையில செருப்புக்குக் காவல் வச்சிட்டாங்க. அன்னிலேர்ந்து ஆசை."

"விழுந்துட்டீங்கன்னா?"

"எழுந்து திரும்பவும் நிப்பேன்."

டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். அவர் போனபின் அந்தக் கப்பலின் வீடியோவை நான்கு முறை பார்த்துவிட்டேன். ஊருக்கெல்லாம் டிக்கெட் போடும் நான் இன்னும் ஒரு படகில்கூட ஏறியதில்லை.

நாற்பத்தொரு வயதில் அலைமேல் நிற்கப் பழகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.