அக்கா திருப்பிவைத்த காந்தங்கள்

என் வண்டிக்குச் சக்கரத்தைச் சுற்றும் மோட்டார் கிடையாது. மரப்பாதை நெடுகச் செம்புக்கம்பிச் சுருள்கள். கைப்பிடியைச் சுற்றினால் பேட்டரி மின்சாரம் திசை மாறி மாறி ஒரு சுருளிலிருந்து அடுத்ததற்குத் தாவும். வண்டியின் அடியில் பதித்த காந்தங்கள் அதன் பின்னாலேயே ஓடும். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அக்காவே நம்பவில்லை. அவள் வீட்டில் தங்கித்தான் டிப்ளமோ படித்தேன். ஏற்கெனவே ஒரு தடவை தேர்வில் கோட்டடித்தவன். திங்கட்கிழமை தேர்வாளர் முன்னால் வண்டி ஓடாவிட்டால் இன்னொரு வருஷமும் போச்சு.

காந்தம் எத்தனை வேண்டும் என்பதுதான் என்னைப் பிடித்து ஆட்டிய கேள்வி. கூட்டினால் இழுவை கூடும், வண்டியின் கனமும் கூடித் தொலைக்கும். கணக்குப் போட்டு எட்டு என்று முடிவு செய்தேன். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மைக் செட் கடை வைத்திருந்தார். ஸ்பீக்கர் ரிப்பேருக்கு வாங்கிவைத்த வட்டக் காந்தங்களை அவர்தான் கொடுத்தார். வடக்கு முகத்தில் குங்குமப் பொட்டு வைத்து, ஒன்று பொட்டு வெளியே தெரிய, அடுத்தது பொட்டு மறைய, மாற்றி மாற்றிக் குழிகளில் செருகினேன். ஓடியது! கூத்தாடினேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அதே வண்டி நின்ற இடத்திலேயே உதறியது, நகரவே இல்லை. பேட்டரி சரி, கம்பி சரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமா வந்தார்.

"மச்சான், பெருநகர் கிராமத்துல நாளைக்குக் கல்யாணம். ஸ்பீக்கருங்க படுத்துக்கிச்சு. நாலு காந்தம் குடு."

"திங்கக்கெழம வரைக்கும் பொறுங்க மாமா."

"ஓடாத வண்டிக்கு இன்னாத்துக்குடா அத்தினி காந்தம்? பாதிய நான் எடுத்துக்கினு போறேன்."

ஒரே பக்கமாக எடுத்தால் வண்டி சாயும் என்று, கவிழ்த்துப்போட்டு ஒன்று விட்டு ஒன்றாகப் பிடுங்கினார். திரும்பப் பாதையில் வைத்தார். எரிச்சலில் கைப்பிடியை வேகமாகச் சுற்றினேன். வண்டி கிளம்பிக் கடைசிவரை ஓடி, அவர் வயிற்றில் முட்டியது.

"அட்றா சக்க!" என்றார் மாமா.

கவிழ்த்துப் பார்த்தேன். மிச்சமிருந்த நாலிலும் பொட்டு வெளியே தெரிந்தது. மாமா பிடுங்கியவற்றிலும் அப்படியேதான் இருந்ததாம். அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான்தான்டா. பூசைக்குத் தொடைக்கறப்ப பாத்தேன், பாதி பொட்டு கவுந்து கெடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா அப்டியே வுடுவாங்களா? எல்லாத்தையும் நேரா திருப்பி வச்சேன்."

எட்டும் வடக்காக நின்றதால், ஒரு காந்தத்தை முன்னால் இழுத்த சுருள்கள் பக்கத்துக் காந்தத்தைப் பின்னால் தள்ளியிருக்கின்றன. அது புரிந்தது. ஆனால் காலிக் குழி எப்படித் தெற்கின் வேலையைச் செய்கிறது? வடக்கிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் எப்படியாவது திரும்பித்தானே ஆகவேண்டும்? அந்தக் காலி இடம் வழியாகத் திரும்புகிறது! சோறு ஆறியது தெரியாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ரெண்ட எடுத்தா ஜோரா ஓடுமா?" என்றார் மாமா. அவருக்கும் தொற்றிக்கொண்டது. எடுத்துப் பார்த்தோம், இழுவை போதாமல் திணறியது. நாலுதான் சரி.

திங்கட்கிழமை தேர்வாளர் வண்டியைக் கவிழ்த்தார்.

"கணக்குல எட்டுன்னு போட்டிருக்கியே, மீதி நாலு எங்கப்பா?"

"எங்கக்கா திருப்பி வச்சிட்டாங்க, மாமா பிடுங்கிட்டாரு சார்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கைப்பிடியைத் தானே பிடித்துச் சுற்றினார். வண்டி போயிற்று. எதிர்ப்பக்கம் சுற்றினார், திரும்பி வந்தது. அடுத்த மாணவன் வாசலில் காத்திருந்தான். இவர் விடுவதாயில்லை. பொறுக்கமுடியாமல் நானே கேட்டேன்.

"பாஸா சார்?"

"பாஸ்தான்பா. இரு, இன்னொரு தடவை."