அருளண்ணையின் வலது கால்

போன கிழமை வவுனியாவில் ஒரு மோட்டார் சாமான் கடைக்குப் பிறேக் ஒயில் வாங்கப் போனேன். கடைக்காரர் ஒயில் போத்தலோடு, குழாய் பூட்டிய ஒரு சின்னக் கைப்பம்பையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இதையும் கொண்டு போங்கோ ஐயா. பிறேக்கிலை காத்து எடுக்க இனி ரண்டு பேர் தேவையில்லை. ஒராள் காணும்."

எங்கள் வீட்டில் இப்போது ஒராள்தான் என்பதை என் முகத்தில் யார் எழுதி ஒட்டினார்களோ தெரியவில்லை. மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மனைவி சுவிசுக்குப் போய் நாலு மாதம். நான் சமைத்த பருப்பை நானே சாப்பிட்டு, நானே குறை சொல்லி, நானே கோபித்துக்கொண்டு படுக்கிறேன். பம்பை வாங்கி வந்தேன்.

வேலை சுகமாக முடிந்தது. சில்லுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் குந்திக்கொண்டு பம்பை அமத்த அமத்த, முதலில் கறுத்த ஒயில் வந்தது, பிறகு குமிழி வந்தது, பிறகு தெளிந்து வந்தது. நாலு சில்லும் முடியும்வரை நான் ஒரு சொல்லுப் பேசவில்லை. யாரோடு பேசுவது. புது ஒயில் போத்தலின் மூடியைத் திறந்தபோது மட்டும் மூக்கு எதையோ எதிர்பார்த்து ஏமாந்து போனது. எனக்குத் தெரிந்த பிறேக் ஒயிலுக்கு ஆமணக்கெண்ணெய் வாசம்.

தொண்ணூற்றாறுக்குப் பிந்திய வன்னியைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி, நல்ல சவர்க்காரம் ஒன்றும் வராத காலம். இரண்டு சொட்டுப் பெற்றோலில் கண்விழிக்கும் கார் மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். பிறேக் ஒயில் என்பது பேரளவில் உள்ள ஒரு பொருள். ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்து ஊற்றிக்கொள்வோம். வயிறு கழுவக் குடிக்கிற எண்ணெயை நம்பி எப்படியப்பா கார் ஓட்டினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அப்போதே அந்தச் சந்தேகம் இருந்தது.

அப்போது நான் தண்ணீரூற்றில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். வயது இருபத்தொன்பது, வேலை விஞ்ஞான ஆசிரியர். மனைவி வசந்தி பிள்ளைப்பேற்றுக்காக வவுனியாவில் தாயிடம் போயிருந்தாள். அவள் போனபிறகு சண்டையில் பாதை மூடிக்கொண்டது. மகள் பிறந்த செய்தி எனக்கு மூன்று கிழமை பிந்தித்தான் வந்தது. அந்தச் செய்தியைச் சொல்லக்கூட வீட்டில் ஆளில்லாமல், கிணற்றுக் கப்பிக்குச் சொன்னேன். பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது ஒருவர் கையில் கடிதம் கொடுத்து விட்டிருந்தாள். 'வாற வியாழன் வர எனக்குப் பாஸ் கிடைச்சிருக்கு. இதை விட்டால் பிறகு எப்ப எண்டு தெரியாது. காரோடை வாங்கோ. பிள்ளையைச் சைக்கிளிலை கொண்டுவர ஏலாது.'

கடிதம் கையில் கிடைத்தது திங்கட்கிழமை.

கார் இருந்தது. மாமனார் விட்டுப்போன பழைய ஏ-போர்ட்டி. பிறேக்தான் இல்லை. முதல் ஓடினவர் யாரோ தேங்காயெண்ணெயை ஊற்றியிருந்தார். உள்ளே இருந்த றப்பர்கள் எல்லாம் ஊறின கடலைபோல வீங்கிக் கிடந்தன. முள்ளியவளையில் செத்துக் கிடந்த ஒரு காரிலிருந்து நல்ல றப்பர்களைக் கழற்றி வந்து மாட்டினேன். ஸ்பிரிட்டுக்கு அதிபரின் காலில் விழுந்தேன். விஞ்ஞானகூடத்தில் இருந்த கடைசிப் போத்தலைத் தந்தார். அந்தத் தவணை முழுக்க ஸ்பிரிட் விளக்கின் சுவாலையைக் கரும்பலகையில் கீறித்தான் காட்டினேன். எல்லாம் சேர்த்து முக்கால் போத்தல் எண்ணெய் தேறியது. அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.

மிச்சம் இருந்தது பழையதைக் கழுவித் தள்ளிக் காற்றை எடுக்கிற வேலை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழாய்க்குள் காற்று நின்றால் பிறேக் பிடிக்காது, பெடல் தலையணைபோலப் பொதுக்கென்று இறங்கும். ஒருவர் உள்ளே இருந்து பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சில்லடியில் ஒரு சின்னத் திருகாணியைத் திறந்து காற்றை வெளியே விட்டு, மூட வேண்டும். மூடின பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் விட்ட காற்றை எல்லாம் அது திரும்ப உறிஞ்சிக் குடிக்கும். ஆக, இரண்டு பேர் வேண்டும்.

செவ்வாய் பின்னேரம் நான் அதை ஒராளாகச் செய்து பார்த்தேன். பெடலுக்கு மேலே கல் வைத்தேன். கல் உருண்டது. சீற்றுக்கும் பெடலுக்கும் இடையில் உலக்கையை முண்டு கொடுத்தேன். உலக்கை நழுவி என் முழங்காலில் விழுந்தது. மிதித்துவிட்டு ஓடிப்போய்த் திருகாணியைத் திறந்து பார்த்தேன். பெடலும் என் வகுப்புப் பிள்ளைகளைப்போல, ஆளில்லாவிட்டால் எழும்பிவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"கண்டியே வெள்ளச்சி, ரண்டு பேற்றை வேலையை ஒராள் செய்யிறார். படிச்ச மனுசனாம்."

வெள்ளச்சி என்பது அருளண்ணையின் ஆடு.

அருளண்ணை பக்கத்து வளவுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், றோட்டு வேலை மேற்பார்க்கும் ஓவசியர். மனைவி பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக்கொள்ள, இவர் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர். எனக்கும் அவருக்கும் எட்டு மாதமாகப் பேச்சுப்பறைச்சல் இல்லை. பிழை என்னுடையது. அருளண்ணை எந்நேரமும் தன் பங்கரை வெட்டிக்கொண்டிருப்பார். விமானச் சத்தம் கேட்டால் முதலில் உள்ளே இறங்குவதும் கடைசியாக ஏறுவதும் அவர்தான். ஒருநாள் கூப்பன் காட்டுக்கு அரிசி, சீனி தரும் சங்கக்கடை வரிசையில் நின்று நான் ஒரு பகிடி விட்டேன். "அருளண்ணை கூப்பன் காட்டை பங்கர் விலாசத்துக்கு மாத்தித் தரச்சொல்லி விதானையாரிட்டை எழுதிப் போட்டாராம்." வரிசை முழுக்கச் சிரித்தது. மூன்று பேருக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். கையில் இருந்த காட்டை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, அந்த மாதச் சீனியை எடுக்காமலே போய்விட்டார்.

கதைக்காத ஆட்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. மூன்றாவது ஒன்றைப் பிடித்துக் கதைப்பது. அவருக்கு ஆடு இருந்தது. நான் காரைப் பிடித்தேன்.

"என்ன செய்யிறது காரே," என்றேன். "வியாழக்கிழமை வசந்தியும் பிள்ளையும் வருகினம். மிதிக்க ஒராள் இல்லை."

வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியை நிலத்தில் போடும் சத்தம் கேட்டது.

"வெள்ளச்சி, அந்தப் பிள்ளை வருகுதாமடி."

வேலிப்பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். என்னைப் பார்க்காமல் காருக்குள் ஏறி இருந்து சாரத்தை மடித்துக் கட்டினார். இப்போது ஒரு சிக்கல். 'மிதியுங்கோ', 'விடுங்கோ' என்று நான் சொல்ல வேண்டும்; சொன்னால் அது கதைத்ததாகிவிடும். எட்டு மாத வைராக்கியத்தை ஒரு பெடலுக்காக விடுவதா. மட்காட்டில் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். மிதித்தார். இரண்டுமுறை தட்டினேன். எடுத்தார். தபாற்கந்தோர் தந்திபோல அதன்பிறகு வேலை ஓடியது. மூன்று சில்லு முடிந்தது. போத்தலின் அடியில் நாலு விரல் எண்ணெய் மிச்சம். அதையும் பிறேக் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, கடைசிச் சில்லுக்குப் போய்த் தட்டினேன். மிதித்தார். திருகாணியைத் திறந்தேன்.

அப்போதுதான் கிபிர் விமானம் வந்தது.

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என்னைப் பற்றிச் சொல்கிறேன். எழும்பினது தெரியாது. ஒயில் பிடித்த தகரத்தை உதைத்தது தெரியாது. திருகாணியில் பூட்டியிருந்த குழாய் காலில் சிக்கிக் கழன்றது தெரியாது. எனக்குச் சொந்தமாக ஒரு பங்கர் இருந்தது. அதற்குள் முழங்கால் தண்ணீர், தவளை, என் சோம்பல். ஆகவே வேலிப்பொட்டை இன்னும் பெரிசாக்கிக்கொண்டு பாய்ந்து, அருளண்ணையின் பங்கருக்குள் போய் விழுந்தேன். பகிடி விட்ட அதே பங்கர்.

மூச்சு வந்ததும் கையைப் பார்த்தேன். ஸ்பானர் என் கையில் இருந்தது. அப்படியென்றால் திருகாணி திறந்தபடி கிடக்கிறது. அருளண்ணை காலை எடுத்திருப்பார். காற்று முழுக்க உள்ளே போயிருக்கும். ஊற்ற ஒரு சொட்டு இல்லை. வியாழன் முடிந்தது. எப்படியும் இப்போது இறங்குவார், முகத்தில் எப்படி முழிப்பது என்று வாசலைப் பார்த்தேன். இறங்கியது வெள்ளச்சி. வழக்கப்படி வந்து, தன் மூலையில் நான் இருப்பதைக் கண்டு கொஞ்சம் யோசித்து, மற்ற மூலையில் நின்றது.

அருளண்ணை வரவில்லை.

விமானம் திரும்பத் திரும்பச் சுற்றியது. வெளிச்சம் வந்த வாசலில் நான் அப்போதுதான் அந்தப் படிகளைக் கண்டேன். அருளண்ணையைப்போல நெடுவல் மனுசனுக்கு இரண்டு படி போதும். அங்கே ஐந்து படி, ஒவ்வொன்றும் சாண் உயரத்துக்கு, பக்கத்தில் பிடித்து இறங்கப் பனஞ்சலாகை. நான் பள்ளிக்கூடத்தில் நிற்கும்போது சத்தம் கேட்டால் பொட்டுக்குள்ளால் அருளண்ணையின் பங்கருக்குத்தான் போவதாக, வயிறு முட்டிய மாதத்தில் வசந்தி சொல்லியிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் அந்தப் படிகளை வெட்டிக்கொண்டிருந்த கிழமைகளில்தான் நான் வரிசையில் நின்று கூப்பன் காட்டுக் கதை சொல்லியிருக்கிறேன்.

அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். 'அண்ணை, விட்டிட்டு ஓடி வாங்கோ' என்று ஒரு சத்தம். வாயைத் திறந்தேன். பயத்தில் குரல் வரவில்லை என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். வைராக்கியம் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. கூப்பிட்டால் காலை எடுத்துவிடுவார்.

குண்டு கடற்கரைப் பக்கம் எங்கேயோ தூரத்தில் விழுந்தது. சத்தம் தேய்ந்து போனபிறகு, வாயெல்லாம் மண்ணோடு ஏறி வந்தேன். கார் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், ஆடினது அருளண்ணையின் வலது கால். இரண்டு கையாலும் ஸ்ரேறிங்கைப் பிடித்து, கண்ணை இறுக்கி மூடி, தேவாரமோ என்னவோ முணுமுணுத்தபடி, பெடலைத் தரையோடு சேர்த்து மிதித்தபடியே இருந்தார். மடியெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. நான் திருகாணியை மூடிவிட்டு இரண்டுமுறை தட்டினேன். எடுக்கவில்லை. திரும்பவும் தட்டினேன். கால் மரத்துவிட்டது, கையால் தூக்கி எடுத்து வெளியே வைத்தார்.

வெள்ளச்சி பொட்டுக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சொன்னார்.

"வெள்ளச்சி, விதானையாரைக் கண்டால் சொல்லு. இன்னொராளின்ரை கூப்பன் காட்டும் என்ரை பங்கருக்கு மாத்தக் கிடக்கு."

நான் அப்போது சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அன்றோடு எல்லாம் அவிழ்ந்திருக்கும். ஊரைச் சிரிக்கவைக்கிற எனக்கு அந்த நேரம் பார்த்து முகம் கல்லாகிவிட்டது. அவர் நொண்டிக்கொண்டே வேலியைக் கடந்து போனார்.

வியாழன் விடிய வெளிக்கிட்டுக் காட்டுப்பாதையால் சோதனைக் கடவைக்குப் போனேன். மத்தியானம் திரும்பிய சனத்துக்குள் வசந்தி வந்தாள். என் மகள் என்னைப் பார்த்த முதற் பார்வையிலேயே வீரிட்டு அழுதாள், நல்ல கணிப்பு. வரும் வழியில் பற்றைக்குள் இருந்து ஒரு மாடு குறுக்கே பாய்ந்தது. மிதித்தேன். மாட்டுக்கு ஒரு முழம் இருக்கக் கார் நின்றது. வசந்தி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி கேட்டாள்.

"ஆர் மிதிச்சுத் தந்தது?"

"அருளண்ணை."

"அப்ப கதைச்சிட்டியள்?"

"இல்லை. தட்டினனான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரண்டு விசரும் ஒரு வேலிக்கை," என்றாள்.

அன்று பொழுதுபட அருளண்ணை எங்கள் முற்றத்துக்கு வந்தார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். தன்னுடைய கடைசி மகனை அந்த வயதில் விட்டு வந்ததாக வசந்தியிடம் சொன்னார். பிறகு பிள்ளையின் காதில், எனக்குக் கேட்கத்தக்கதாக, "குஞ்சு, மழைக்கு முன்னம் றப்பரைப் பாக்கச்சொல்லிக் கொப்பரிட்டைச் சொல்லு" என்றார். நான் குசினி வாசலில் நின்றிருந்தேன். நாளைக்குப் போய்க் கதைப்பம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பது எவ்வளவு வசதியான நாள்.

ஏழெட்டு மாதம் அப்படியே போனது. யாழ்ப்பாணம் போக அவருக்கு வழி கிடைத்தது ஒரு பள்ளிக்கூட நாளில். நான் வரும்போது வளவு வெறிச்சென்று கிடந்தது. ஆட்டை வித்துப்போட்டு, வசந்தியிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். "என்னை ஒண்டும் கேக்கேல்லையோ?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் விட எத்தினை மணி ஆகும் எண்டு கேட்டவர். கொஞ்ச நேரம் நிண்டும் பாத்தவர். வாகனக்காரன் அவசரப்படுத்தினான்," என்றாள்.

பாதை திறந்தபிறகு யாழ்ப்பாணத்தில் அவருடைய ஊரைத் தேடிப் போனேன். கனடா என்றார் ஒருவர், ஜேர்மனி என்றார் இன்னொருவர். வீடு பூட்டிக் கிடந்தது. தண்ணீரூற்றில் அந்த இரண்டு வளவும் இப்போது ஒரே வளவு. எந்த இடத்தில் வேலி நின்றது என்று என்னாலேயே காட்ட முடியவில்லை.

வவுனியாவில் நான் இருக்கும் ஒழுங்கையில் வேலிகள் இல்லை. ஆறடி மதில். பக்கத்து வீட்டுக்காரர் குடிவந்து ஆறு வருசம். அன்று நான் பம்பை அமத்திக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் அவரும் தன் வாகனத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, ஒருமுறை இருமினதும் கேட்டது. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எங்களுக்குள் ஒரு கோபமும் இல்லை.